மூன்றாவது மைக்குக்குக் கீழே ஏவ்ரில்

ஏவ்ரில் டாப்செல்லுக்குத் தன் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய சிரிப்பு.

பிள்ளைகள் இரண்டு பேர். மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். மகள் ஜில் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள், ஆனால் அவளும் ஆஸ்திரேலியாவில் இருப்பவளைப் போலத்தான் வந்து போவாள். குழாய் வேலை பார்த்த கணவர் கென் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஏவ்ரில் பல்பு தொழிற்சாலையில் சில வருஷம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறி இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர். இதில் எதைப் பற்றிக் கேட்டாலும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். சிரிப்பைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும் கேட்கிறவர் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

நான் லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இருபத்து மூன்று வருஷமாகிறது. என் பெயர் மங்கையர்க்கரசி. அது இங்கே யார் வாயிலும் நுழையாது என்று நானே மங்கை என்று குறுக்கிக்கொண்டேன். ஓய்வுபெற்ற பால்காரர் ஸ்டான் லட்லோ அதையும் மாங்கோ ஆக்கினார். முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நூலகத்தில் 'அந்தக் கால டிவி' நடக்கும். எழுபதுகளில் வந்த ஏதாவதொரு சிரிப்புத் தொடரில் ஒரு பகுதி, அரை மணி நேரம். அதன் பிறகு டீ, பிஸ்கெட், ஊர்வம்பு. இருபது பேர் வருவார்கள், எல்லாரும் எழுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். படம் போடுவதற்கு முன்னால் நான் ஒரு தாளை வாசிக்க வேண்டும் என்பது நூலகத்தை நடத்தும் நகரக் கவுன்சிலின் உத்தரவு. "இந்த நிகழ்ச்சி அது எடுக்கப்பட்ட காலத்தின் மனப்போக்கைக் காட்டுகிறது. சில காட்சிகள் சிலர் மனதைப் புண்படுத்தலாம்." நான் முதல் வரியைத் தொடங்கியதுமே மொத்தக் கூட்டமும் தேவாலயத்தில் ஜெபம் சொல்வதுபோல் கூடவே ராகம் போட்டுச் சொல்லும். கடைசியில் ஸ்டான் எழுந்து "ஆமென்" என்பார். அதற்கு ஒரு சிரிப்பு. சில வாரங்களில் தொடரைவிட அதுதான் நன்றாக இருக்கும்.

"எங்க காலத்துல சிரிக்கிறதுக்கு முன்னாடி யாரும் எங்களுக்கு நோட்டீஸ் வாசிக்கல" என்பார் ஸ்டான்.

"உங்க காலத்துல உங்களுக்கு முடி இருந்துச்சு. அதையும் கொண்டுவரச் சொல்லுங்க" என்பார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இஸ்மே கிளார்க். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்பேடோஸிலிருந்து நர்ஸ் படிப்புக்கு வந்து, இங்கேயே ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏவ்ரிலின் அடுத்த வீடு. இருவரும் வேலியைப் பகிர்ந்துகொண்டு நாற்பது வருஷம். ஒருத்தி வராத வியாழக்கிழமையில் இன்னொருத்தி வந்து நான் பார்த்ததில்லை.

சிரிப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் சிரிப்புத் தொடர்களை ஸ்டூடியோவில் முந்நூறு பேரை உட்காரவைத்து, அவர்கள் முன்னால் நடித்துத்தான் பதிவு செய்வார்கள். டிக்கெட் இலவசம், நம் விலாசம் எழுதிய உறை ஒன்றை அனுப்பினால் போதும். பார்வையாளர்களின் தலைக்கு மேலே கூரையிலிருந்து வரிசையாக மைக்குகள் தொங்கும். வீட்டில் டிவி பார்க்கிறவன் கேட்கிற சிரிப்பெல்லாம் அந்த மைக்குகள் வாங்கிய சிரிப்பு. 1970இல் பல்பு தொழிற்சாலைப் பெண்கள் ஒரு பஸ் பிடித்து 'ஆல்மா டெரஸ்' என்ற தொடரின் பதிவுக்குப் போனார்கள். ஏவ்ரிலுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அவர் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிரஷர் குக்கர் மாதிரி முதலில் அடியில் குமுறும், பிறகு விசில் அடிக்கும், விசில் முடிந்ததும் ஒரு விக்கல். அந்த விக்கலைக் கேட்டால் பிணம்கூட சிரித்துவிடும். நிகழ்ச்சிக்கு முன்னால் மேடைக்கு வந்து ஜோக் சொல்லி, மிட்டாய் எறிந்து கூட்டத்தைச் சூடேற்ற ஒரு ஆள் இருப்பான். அவன்தான் கண்டுபிடித்தான், சிவப்புக் கோட்டுப் பெண் ஆரம்பித்தால் மற்ற முந்நூறு பேரும் பின்னாலேயே வருகிறார்கள் என்று. அன்றைக்கே அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து ஏவ்ரிலின் விலாசத்தை எழுதிக்கொண்டு போனாள். அதிலிருந்து வாராவாரம் டிக்கெட் வீடு தேடி வந்தது. இடமும் நிரந்தரம். நான்காவது வரிசை, மூன்றாவது மைக்குக்கு நேர் கீழே.

ஜில் வயிற்றில் வரும்வரை ஐந்து வருஷம் போனார். பதிவு நடந்து மூன்று வாரத்தில் டிவியில் வரும். கென் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, "இதோ வர்றா என் பொண்டாட்டி" என்பாராம். கடைக்குப் போனால் கசாப்புக்காரர்கூடச் சிரிப்பை அடையாளம் கண்டு, டிவியில் கேட்டது நீதானே என்பாராம். ஒரு மனுஷிக்கு முகம் தெரியாத புகழ்.

அதில் ஒரு பெரிய மனக்குறை ஏவ்ரிலுக்கு. வாழ்க்கையிலேயே அவர் சிரித்த மிகச் சிறந்த சிரிப்பு 1973இல் வந்த ஒரு பகுதியில் இருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்காக நடிகை வசனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாராம். அந்தப் பகுதி இப்போது இல்லை. அன்றைக்கு ஒளிநாடா விலை அதிகம் என்று பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதை எடுப்பார்கள். அப்படி அழிந்தவை ஏராளம், அதில் இதுவும் ஒன்று.

"துடைச்சுட்டாங்க மங்கை. என் பெஸ்ட் சிரிப்பைத் துடைச்சு அது மேல யாரோ தோட்டத்துல முட்டைக்கோஸ் வளக்கிறதை எடுத்து வெச்சுட்டாங்க!"

இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இஸ்மே ஆயிரம் தடவை கேட்டிருப்பார். கேட்கும்போது அவர் டீ ஊற்றிக்கொண்டோ நாப்கினை மடித்துக்கொண்டோ இருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன், 2017 மார்ச்சில், ஏவ்ரிலுக்கு எழுபது முடிய ஒரு வாரம் இருந்தது. அந்த வியாழக்கிழமை டீ நேரத்தில் இஸ்மே ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்து ஏவ்ரில் மடியில் வைத்தார்.

"பிறந்தநாளுக்கு முன்னாடியே குடுக்கறேன். பிரி."

பிரித்தால் டிவிடி. 'ஆல்மா டெரஸ்', மூன்றாவது சீசன், முழுமையாக. காணாமல்போன பகுதிகள் எல்லாம் உண்டு என்று அட்டையிலேயே போட்டிருந்தது. யாரோ ஒரு பழைய டெக்னீஷியன் தன் வீட்டுப் பரணில் பிரதிகளை வைத்துவிட்டு இறந்துபோயிருக்கிறார், பிள்ளைகள் கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏவ்ரில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கு சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

"எங்கடீ பிடிச்ச இதை?"

"எங்கயோ பிடிச்சேன். அடுத்த வாரம் உன் பிறந்தநாளன்னிக்கே இங்க போட்டுடுவோம், எல்லாரும் கேக்கட்டும்" என்றார் இஸ்மே. பிறகு காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டே கேட்டார். "அப்படி என்ன ஜோக்குடீ அது? நாப்பது வருஷமா சிரிப்பைப் பத்திச் சொல்ற, ஜோக்கைச் சொன்னதே இல்லயே?"

ஏவ்ரில் வாயைத் திறந்தார். "வீட்டுக்காரம்மா ஏதோ பண்ணுவா... சுத்தமா ஞாபகமில்லடீ."

"பாத்தா ஞாபகம் வந்துடும்" என்றார் இஸ்மே.

டிவிடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்டான் தன் பங்குக்கு அடுத்த வாரம் கேக் கொண்டுவருவதாக அறிவித்தார். எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை நான் நூலகத்தைத் திறக்க வந்தபோது ஏவ்ரில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாச்சு? உடம்புக்கு முடியலையா?"

"ஞாபகம் வந்துடுச்சு மங்கை. சனிக்கிழமை உருளைக்கிழங்கு தோல் சீவிட்டு இருந்தேன், கையைக் கழுவலாம்னு குழாயைத் திறந்தேன். வந்துடுச்சு. இல்லாமலும் இருக்கலாம்ல? எனக்குத் தப்பா ஞாபகம் வந்திருக்கலாம்ல? அந்த டிவிடியை ஒரு தடவை போடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஊழியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் போட்டேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில் வந்தது.

ஆல்மா டெரஸ் என்ற தெருவில் அறைகளை வாடகைக்கு விடுகிற விதவை மிஸஸ் கிரிம்ஷா. கதவு தட்டப்படுகிறது. புது வாடகைக்காரர் என்று கையை நீட்டிக்கொண்டே திறக்கிறாள். வாசலில் பஸ் கண்டக்டர் உடுப்பில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மேற்கிந்தியத் தீவுக்காரர் ஒருவர். அவர் புன்னகையோடு அவள் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே திரும்புகிறாள், தன் உள்ளங்கையைப் பார்க்கிறாள். சிரிப்பு. ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறாள். இன்னும் பெரிய சிரிப்பு. கறுப்பு ஒட்டிக்கொண்டதா என்று கையை மேஜை விளக்கின் அடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அங்கே குமுறல், விசில், விக்கல். ஏவ்ரில் முந்நூறு பேரையும் இழுத்துக்கொண்டு போகிறார். நடிகை நிஜமாகவே காத்திருக்கிறார். பின்னால் அந்தக் கண்டக்டரும் தொப்பியோடு காத்திருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த விக்கலைக் கேட்டதும் என் வாயும் ஒரு பக்கம் கோணியது. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். ஏவ்ரில்மேல் பாதி, என்மேல் பாதி. லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

"முந்நூறு பேர் சிரிச்சாங்க மங்கை" என்றார் ஏவ்ரில் மெதுவாக.

"உங்க குரல் மட்டும்தான் தனியாக் கேக்குது."

அவர் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகுதான் விஷயத்தின் அடி வெளியே வந்தது.

இஸ்மே நர்ஸ் படிப்புக்கு வந்த முதல் வருஷம், வார்டில் ஒரு கிழவிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்து முடித்ததும் கிழவி தன் கையைத் தூக்கிப் பார்த்து, கருவி கட்டிய இடத்தைப் படுக்கை விரிப்பால் துடைத்தாளாம். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாளாம். இஸ்மேக்கு அப்போது வயது இருபது. வார்டின் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். இதை அவர் தன் கணவரைத் தவிர ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருக்கிறார், ஏவ்ரிலிடம்.

"என் சமையலறையில உக்காந்து சொன்னா. எண்பதோ எண்பத்தொண்ணோ. நான் அவ முதுகைத் தடவிக் குடுத்தேன். 'என்ன ஜென்மங்களோ, இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா'ன்னு கேட்டேன். நானே கேட்டேன் மங்கை! அப்பகூட எனக்கு இது ஞாபகம் வரல. சத்தியமா வரல. சிரிப்பு மட்டும்தான் எனக்கு ஞாபகம். எதுக்குச் சிரிச்சேன்னு நான் வெச்சுக்கவே இல்ல."

"அவங்ககிட்ட இதைச் சொல்லிடுங்க."

"முடியாது. நீ டிவிடி கீறிப்போச்சுன்னு சொல்லிடு."

"மாட்டேன்."

"எனக்கு அவளை விட்டா யாருமில்ல" என்றார் ஏவ்ரில். எழுபது வயது மனுஷி, ஊழியர் அறை நாற்காலியில் உட்கார்ந்து, தண்டனைக்குக் காத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைபோல் முழங்காலை ஒட்டிவைத்துக்கொண்டு அதைச் சொன்னார். கென் போனபோது சுடுகாட்டிலிருந்து வந்து முதல் பதினான்கு நாள் அவரைத் தூங்கவைத்தது இஸ்மே. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பின் குளிப்பாட்டியது இஸ்மே. இன்றைக்கும் வீட்டுச் சாவியின் இன்னொரு பிரதி இஸ்மே வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

நான் மறுபடியும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். 

செவ்வாய்க்கிழமை ஏவ்ரில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து ஷெப்பர்ட்ஸ் பை செய்து எடுத்துக்கொண்டு இஸ்மே வீட்டுக்குப் போயிருக்கிறார், சொல்லியே தீருவது என்று. இஸ்மே சர்ச்சுக்குப் போடும் மேல்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு மறுசுழற்சிக் குப்பைத்தொட்டியை எந்த வாரம் எடுக்கிறான் என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடிந்துவிட்டது. முக்கால் மணி நேரம் குப்பைத்தொட்டி. வாசல்வரை வந்து இஸ்மே கேட்டாராம். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையே, என்ன சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் இந்தப் புத்திசாலி.

புதன்கிழமை எனக்கு நாலு ஃபோன். முதல் ஃபோனில் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். இரண்டாவதில் எழுதியதைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். மூன்றாவதில், இஸ்மேக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, இதைப் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால் நான்தான் பொறுப்பு என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அவங்க ரத்த அழுத்தத்தை ஏன் இழுக்கறீங்க? உங்களுக்குப் பயம், அதைச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். நாலாவது ஃபோனில் அவர் பேசவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது, இடையில் அழுகை. ஐந்து நிமிஷம் அதைக் கேட்டுவிட்டு, "சரி, டிவிடி ஓடலன்னு சொல்றேன். இந்த ஒரு தடவைதான்" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள். ஸ்டான் சொன்னபடி கேக் கொண்டுவந்தார். இஸ்மே நாவல்பழ நிறத்தில் தொப்பி வைத்து, ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார். ஏவ்ரில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஏவ்ரில் என்னைப் பார்த்த பார்வையை நான் தவிர்த்தேன். தாளை எடுத்து வாசித்தேன், அவர்கள் கூடவே ராகம் போட்டார்கள், ஸ்டான் ஆமென் சொன்னார். டிவிடியை மிஷினுக்குள் தள்ளினேன், அதன் ஒயரை முன்கூட்டியே பின்னாலிருந்து லேசாக உருவியிருந்தேன். திரை நீலமாகவே இருந்தது. இரண்டு பொத்தானை அழுத்துவதுபோல் நடித்தேன். எனக்கு நடிக்க வராது, காது சுட்டது.

"டிவிடி ஓட மாட்டேங்குது. கீறல் விழுந்திருக்கு போல. மன்னிச்சுக்குங்க, இன்னிக்கு வேற ஏதாவது போடறேன்."

எல்லாரும் ஐயோ என்றார்கள். "மாங்கோ, ஒரு அடி போடுங்க, கவுன்சில் வாங்கின மிஷின் எல்லாம் அடிக்குத்தான் பயப்படும்" என்றார் ஸ்டான். ஏவ்ரில் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

இஸ்மே அவசரமில்லாமல் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து அதே அட்டைபோட்ட இன்னொரு டிவிடியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இப்படி ஏதாவது ஆகும்னு தோணிச்சு. அதான் ரெண்டா வாங்கினேன்."

அவர் என் முகத்தைப் பார்த்த விதத்தில் ஒயர் உருவியது உட்பட அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய் அதை வாங்கினேன். வேறு என்ன செய்வது? மிஷினை நோக்கி நான்கு அடி வைத்திருப்பேன்.

"போடாத மங்கை."

ஏவ்ரில் எழுந்து நின்றிருந்தார். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார்.

"அந்த டிவிடி நல்லாத்தான் இருக்கு. நான்தான் அவளைப் பொய் சொல்லச் சொன்னேன்." அவர் கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்தார், பிறகு இஸ்மே பக்கம் திரும்பினார். "அதுல ஒரு கண்டக்டர் வர்றார். உன் ஊர்க்காரர். வீட்டுக்காரம்மா அவர் கையைக் குலுக்கிட்டு, கறுப்பு ஒட்டிடுச்சான்னு துடைச்சுத் துடைச்சுப் பாக்கறா. அதுக்குத்தான். என் பெஸ்ட் சிரிப்பு அதுக்குத்தான்டீ. அந்தக் கிழவி உனக்குப் பண்ண அதேதான். நான் சிரிச்சேன். இந்த ஊர்லயே அதிகமா நான்தான் சிரிச்சேன்."

ஸ்டானுக்குத்தான் பொறுக்கவில்லை. "அட விடு ஏவ்ரில். அப்ப எல்லாருமே சிரிச்சோம். யார் மனசுலயும் விஷம் கிடையாது. இப்பத்தான் எதுக்கெடுத்தாலும் புண்படறாங்க..."

"ஸ்டான், நீங்க கேக்கை வெட்டுங்க" என்றார் இஸ்மே. குரல் உயரவில்லை. ஸ்டான் கத்தியை எடுத்தார்.

பிறகு இஸ்மே ஏவ்ரிலைப் பார்த்துச் சொன்னார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"இது வந்த அன்னிக்கு நான் நர்ஸுங்க விடுதியில டிவி ரூம்ல இருந்தேன். பதினோரு பொண்ணுங்க. தீவுக்காரங்க நானும் இன்னொருத்தியும். எல்லாரும் சிரிச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம், வேற என்ன பண்றது, எந்திரிச்சுப் போகவா முடியும்? ஆனா டிவிக்குள்ளேருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு. எல்லாத்துக்கும் மேல. விசிலும் விக்கலும். அதுக்குப் பின்னால நாலு வருஷம் கழிச்சு இங்க வீடு வாங்கினோம். முதல் நாள் துணி காயப்போட்டுட்டு இருக்கேன், வேலிக்கு அந்தப் பக்கம் உன் கென் ஏதோ சொன்னார். நீ சிரிச்ச. என் கையிலேருந்து கிளிப் விழுந்துச்சு."

ஏவ்ரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு தடவை நீ அந்தச் சிரிப்பைப் பத்திப் பேசும்போதும், இப்பவாவது எதுக்குச் சிரிச்சேன்னு உனக்கு ஞாபகம் வருமான்னு பாப்பேன். இவ்வளவு நாளாச்சு." இஸ்மே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "போடுங்க மங்கை. இவ பக்கத்துல உக்காந்து ஒரு தடவை கேக்கணும்."

ஒயரைச் சொருகிப் போட்டேன். பன்னிரண்டாவது நிமிஷம்வரை அங்கங்கே பழக்கத்தில் யாராவது சிரித்தார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அதுவும் நின்றது. மிஸஸ் கிரிம்ஷா கையைப் பார்த்தாள், துடைத்தாள், விளக்கடியில் காட்டினாள். திரைக்குள் முந்நூறு பேர் உருண்டு சிரிக்க, இருபத்தாறு பேர் தலை குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஸ்டான் கேக் கத்தியைக் கையிலேயே வைத்திருந்தார். ஏவ்ரில் மட்டும் தலையைக் குனியவில்லை. கண்ணை மூடினால் தப்பித்ததாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்மே திரையைப் பார்க்கவில்லை, ஏவ்ரிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே பகுதியில் பின்னால் ஒரு மடக்குக் கட்டில் மூடிக்கொண்டு ஆளை விழுங்குகிற காட்சி வந்தது. நல்ல காட்சி, கூட்டம் மெல்ல மெல்லச் சிரித்தது. இஸ்மேயும் சிரித்தார். ஏவ்ரில் சிரிக்கவில்லை.

கேக் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் சீக்கிரமே கலைந்தார்கள். போகும்போது ஸ்டான் கோட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து, ஏதோ சொல்ல நினைத்து, "வரேன், மங்கை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சின்னச் சமையலறையில் வழக்கம்போல ஏவ்ரில் கோப்பைகளைக் கழுவ, இஸ்மே துடைக்க, நான் அடுக்கினேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டீ என்கூடப் பேசின?" என்றார் ஏவ்ரில், தண்ணீரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"முதல் ஆறு மாசம் பேசல. நீ அதைக்கூட கவனிக்கல."

"கூச்ச சுபாவம்னு நினைச்சேன்."

"நினைப்ப. அப்புறம் உன் ஜில்லுக்கு மூச்சுத் திணறல் வந்து, குழந்தையைத் தூக்கிட்டு வந்து என் கதவை இடிச்ச. வாசல்ல நிறுத்திவெச்சு உன் சிரிப்பைப் பத்தியா விசாரிக்க முடியும்? உள்ள வான்னேன். அப்புறம் தினம் வந்த. உன்னை எனக்குப் பிடிச்சுப்போச்சு. நீ நல்லவதான் ஏவ்ரில். அதுதான் எனக்குக் கஷ்டம்."

ஏவ்ரில் அழுதுகொண்டே ஒரே கோப்பையை மூன்றாவது தடவையாகக் கழுவினார். இஸ்மே அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நீ சிரிக்கும்போதெல்லாம், எதைப் பாத்துச் சிரிக்கறன்னு முதல்ல திரும்பிப் பாப்பேன். யாரையும் இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் நான் சிரிப்பேன். நாப்பது வருஷம், ஒரு தடவைகூட விட்டதில்ல."

"இனிமேலும் அப்படித்தானா?" என்று கேட்டார் ஏவ்ரில்.

இஸ்மே கோப்பையின் காதைத் துணியால் சுற்றித் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியலடீ. நானா திரும்பறதில்ல, கழுத்து அதுவாத் திரும்புது."